மூன்று தலைமுறைக்கு ஒரு குட்டிப் பயணம்: ரயிலா, காரா?

தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை வீட்டில் எல்லோரும் சேர்ந்து இரண்டு மூன்று நாள் எங்காவது போய்வரலாம் என்று பேச்செடுத்ததும், ரயிலில் போவதா காரில் போவதா என்ற கேள்வி வந்துவிடும். பெரும்பாலும் அது ஐந்து நிமிடத்தில் முடிந்தும் விடும். யாராவது ஒருவர் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்து, காரில் ஐந்து மணி நேரம், ரயிலில் நான்கேகால், ஆனால் ஸ்டேஷனுக்கு வேறு போக வேண்டும், அதனால் காரே மேல் என்று சொல்லிவிடுவார். பெரியவர்கள் "உங்க வசதி எப்படியோ அப்படிச் செய்யுங்க" என்பார்கள். சரி, முடிந்தது.

தனியாகவோ நண்பர்களோடோ போகும்போது இப்படி முடிவெடுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. மூன்று தலைமுறை சேர்ந்து போகும்போது மணிக்கணக்கு மட்டும் போதாது. காரை நினைத்த இடத்தில் நிறுத்தலாம், ஆனால் உள்ளே எழுந்து நடக்க முடியாது. ரயிலில் எழுந்து நடக்கலாம், ஆனால் நிறுத்தச் சொல்ல முடியாது. இந்த இரண்டில் உங்கள் குடும்பத்தில் யாருக்கு எது அதிகம் தேவை என்று ஒவ்வொருவராக யோசித்துப் பாருங்கள். விவாதத்தில் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாசலிலிருந்து வாசல் வரை

முதலில் மணிக்கணக்கை முடித்துவிடலாம். 300 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் கார் ஓடும் நேரம் ஐந்து மணி. குழந்தையும் பெரியவர்களும் இருக்கும் வண்டியை மூன்று இடத்திலாவது நிறுத்தாமல் முடியாது; ஒவ்வொன்றும் அரை மணி. ஆக ஆறரை மணி. ரயிலில் நான்கேகால் மணிதான். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு முக்கால் மணி, முன்னதாகப் போய்க் காத்திருப்பது அரை மணி, இறங்கி வெளியே வந்து வண்டி பிடிக்க அரை மணி, அங்கிருந்து தங்கும் இடத்துக்கு அரை மணி. கூட்டிப் பார்த்தால் அதுவும் ஆறரை.

நடுத்தர தூரங்களில் இரண்டும் இப்படி அருகருகே வந்து நிற்பது சகஜம். அதிவேக ரயில் ஓடும் தடங்கள் விதிவிலக்கு. டோக்கியோவிலிருந்து ஷின் ஒசாகா 515 கிலோமீட்டர். 1964இல் திறந்த ஷின்கான்சென் தடத்தில் இன்றைய வேகமான ரயில் அதைச் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கடக்கிறது. அங்கே கார் போட்டியிலேயே இல்லை. ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொரு ரயில், அப்புறம் ஒரு பஸ் என்று மாறிப் போக வேண்டிய ஊர்களில் ரயில் போட்டியில் இல்லை.

எந்த வண்டியாக இருந்தாலும் இன்னொரு கணக்கையும் போட்டுவிடுங்கள். மூன்று நாள் பயணத்தில் விழித்திருக்கும் நேரம் நாளுக்குப் பதினான்கு மணி என்றால் மொத்தம் 42 மணி. போக ஆறரை, வர ஆறரை என்றால் 13 மணி. விடுமுறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உட்கார்ந்தே கழிகிறது. ஒரு வழிக்கு நான்கு மணி என்று குறைத்தால் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வருகிறது. மூன்று நாள்தான் என்றால் வாசலிலிருந்து வாசல் நான்கு மணிக்குள் இருக்கும் ஊரைத்தான் நான் தேடுவேன். தொலைவில் இருக்கும் பெரிய பெயருள்ள இடத்தைவிட அருகில் இருக்கும் சின்ன ஏரிக்கரையே இந்தக் கூட்டத்துக்கு நல்லது.

யாருக்கு நிறுத்தம், யாருக்கு நடமாட்டம்

பெரியவர்களிடம் "ரயிலா காரா" என்று கேட்டால் உண்மையான பதில் வராது. பிள்ளைகளுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது? எழும்போது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா? காலையில் மாத்திரை போட்ட பிறகு எத்தனை தடவை பாத்ரூம் போகிறீர்கள்? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்வார்கள். அந்தப் பதில்களில்தான் வழித்தடம் இருக்கிறது.

நீண்ட நேரம் அசையாமல் உட்காருவது வெறும் அலுப்பு மட்டும் இல்லை. விமானம், ரயில், பஸ், கார் எதுவானாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் போகும் பயணத்தில் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு அந்த இரு மடங்கும் மிகச் சிறிய எண்தான். ஆனால் வயதானவர்கள், அதிலும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஏற்கெனவே ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ரயிலில் மணிக்கொரு தடவை பெட்டியின் கடைசி வரை நடந்து வந்தாலே கால் இளகிவிடும். காரில் அதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும். "இன்னும் முப்பது கிலோமீட்டர்தான், அங்கே போய் நிறுத்தலாம்" என்று ஓட்டுகிறவர் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் வீடு என்றால், ரயில் உங்களுக்கு நல்லது.

அடுத்தது கழிவறை. முழுப் பயணத்தையும் இதுவே தீர்மானித்துவிடலாம், ஆனால் வீட்டில் யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். அவசரம் வந்தால் அடக்க முடியாதவருக்கு ரயில்தான் ஆறுதல். கழிவறை எப்போதும் இருபது அடி தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஆடும் தரையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த இருபது அடி நடக்க முடியாதவருக்கு, குறுகலான இடத்தில் குனிந்து எழ முடியாதவருக்கு, அதே ரயில் தண்டனையாகிவிடும். அவருக்குக் காரும், இன்ன இடத்தில் நிறுத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த சுத்தமான இரண்டு மூன்று நிறுத்தங்களும்தான் சரி. ஒரே வயது, ஒரே தொல்லை, ஆனால் நடை எப்படி என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது.

இதைப் பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்றால், பெரியவர்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள்: தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வெயிலில் அது தலைசுற்றலையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். சிலர் சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரையைத் தாங்களாகவே தவிர்த்துவிடுவார்கள். மாத்திரை நேரத்தைப் பயணத்துக்கு ஏற்ப மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்பது இரண்டு நிமிட வேலை. கேட்டுவிடுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறி இறங்குவது தனிப் பாடு. தாழ்வான காரில் உள்ளே விழுவது சுலபம், எழுவது கஷ்டம். உயரமான வண்டியில் ஏறுவது கஷ்டம். இடுப்பு உயரத்தில் சீட் உள்ள வண்டி கிடைத்தால் நல்லது. முதலில் திரும்பி நின்று சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்து வைப்பது எந்தக் காரிலும் உதவும். ரயிலில் நடைமேடையும் பெட்டித் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும் ஊர்களும் உண்டு, செங்குத்தான படியேற வேண்டிய ஊர்களும் உண்டு. நீங்கள் ஏறும் ஸ்டேஷனும் இறங்கும் ஸ்டேஷனும் எந்த வகை என்று பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். லிஃப்ட் இருக்கிறதா, அது எந்த நடைமேடை வரை போகிறது, சக்கர நாற்காலிக்கு எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது வயதைப் பிரித்துத்தான் பேச வேண்டும். கைக்குழந்தைக்குக் காரில் வாந்தி வருவது அரிது. ஆனால் கார் இருக்கையில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் படுக்க வைக்கக் கூடாது என்று குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. அந்தச் சாய்ந்த நிலை சின்னஞ்சிறு குழந்தையின் மூச்சுக்கு நல்லதல்ல. பசித்து அழுதால் ஓடும் காரில் எடுத்து மடியில் வைத்துப் பால் கொடுக்கவும் கூடாது. நிறுத்த வேண்டும். ரயிலில் தாய் ஓடும்போதே பால் கொடுக்கலாம், பாட்டி வாங்கித் தோளில் போட்டுத் தட்டலாம், தாத்தா ஜன்னலைக் காட்டலாம். கைக்குழந்தைக்கு என் ஓட்டு ரயிலுக்கே.

காரில்தான் போகிறோம் என்றால் குழந்தை இருக்கையில் சமரசமே கூடாது. சரியாகப் பொருத்திய இருக்கை கைக்குழந்தை விபத்தில் இறக்கும் வாய்ப்பைச் சுமார் 70 சதவீதம் குறைக்கிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மடியில் வைத்திருக்கும் குழந்தையை மோதலின்போது எவ்வளவு பலமான கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. வாடகைக் கார் எடுப்பவர்கள் இருக்கையைத் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வந்து நிற்கும் வண்டியில் அது இல்லையென்றால், அந்தக் காலை வேளையின் அவசரத்தில் எல்லோரும் "பரவாயில்லை, மடியில் வச்சுக்கலாம்" என்பார்கள்.

இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரைதான் பயண வாந்தி அதிகம் படுத்தும் காலம். உள்காது உடல் அசைகிறது என்கிறது, போனிலோ புத்தகத்திலோ நிலைத்த கண் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது. காரின் பின்சீட்டில், முன்னால் பார்க்க முடியாத உயரத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இது மோசமாக இருக்கும். வளைவான மலைப்பாதையில் இன்னும் மோசம். தூரத்துக் காட்சி கண்ணில் படும் இடம், குறைவான சாப்பாடு, திறந்த ஜன்னல், போன் இல்லை: காரில் செய்யக்கூடியது இவ்வளவுதான். ரயிலில் பொதுவாகக் குமட்டல் குறைவு. போகும் திசையைப் பார்த்த சீட் எடுத்தால் இன்னும் குறைவு. வளைவுகளில் பெட்டியே சாயும் வகை அதிவேக ரயில்கள் மட்டும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு நடமாட்டம்தான் உயிர். சீட்பெல்ட்டில் கட்டிப்போட்டால் முதல் அரை மணிக்குப் பிறகு குழந்தைக்கும் நிம்மதி இல்லை, காரில் மற்றவர்களுக்கும் இல்லை. சுவிட்சர்லாந்தின் சில இரட்டை அடுக்கு ரயில்களில் மேல் தளத்தில் சறுக்குமரத்தோடு விளையாட்டு இடமே வைத்திருக்கிறார்கள். பின்லாந்தின் நீண்டதூர ரயில்களிலும் குழந்தைகளுக்கான பெட்டி உண்டு. அப்படி எதுவும் இல்லாத சாதாரண ரயிலில்கூட நடைபாதை இருக்கிறதே, அது போதும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எதுவானாலும் சரி. சார்ஜ் போட இடம் இருந்தால் போதும்.

மறந்துபோகும் ஒருவர் உண்டு: ஓட்டுபவர். அவரும் விடுமுறைக்குத்தான் வருகிறார். பின்சீட்டுச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியாமல், குழந்தை அழும்போது திரும்பிப் பார்க்கவும் முடியாமல், போய்ச் சேர்ந்த அன்று மாலை எல்லோரும் வெளியே கிளம்பும்போது படுக்கையைத் தேடுபவர் அவர்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேர ஓய்வு என்று பிரிட்டனின் சாலை விதிக் கையேடு சொல்கிறது. நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை தூக்கம் தள்ளும் வேளை என்றும் எச்சரிக்கிறது. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரையும் அப்படிப்பட்ட வேளைதான். மதியச் சாப்பாடு முடித்து உடனே வண்டியை எடுப்பது நேராக அந்த இரண்டாவது வேளையில் போய் நிற்கிறது. ஓட்டத் தெரிந்தவர் ஒருவரே என்றால், ஒரு நாளில் ஓட்டும் நேரம் நான்கு மணியைத் தாண்ட வேண்டாம். டிரைவர் வைத்துப் போனாலும் இதே கணக்குத்தான். அவருக்கும் தூக்கம் உண்டு, சாப்பாடு உண்டு, படுக்க இடம் வேண்டும்.

கைக்கணக்கு

இதுவரை நான் ரயில் பக்கமே சாய்ந்தது போலத் தெரியும். ரயில் தோற்கும் இடம் நடைமேடை. அங்கே கைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, எட்டு வயதுப் பையன், பத்து மாதக் குழந்தை. ஆறு பேர். சுமை தூக்கக்கூடிய கைகள் அப்பா அம்மாவுடையவை, நான்கு. குழந்தையை ஏந்த ஒரு கை, பையனைப் பிடிக்க ஒரு கை, தாத்தாவைத் தாங்க ஒரு கை. மிச்சம் ஒரு கை. அந்த ஒரு கையில் எத்தனை பெட்டி வரும்? அதுவும் இடையில் உள்ள ஸ்டேஷன்களில் ரயில் இரண்டு நிமிடம்தான் நிற்கும் என்றால், ஆறு பேரையும் பெட்டிகளையும் இறக்குவதற்குள் மூச்சு நின்றுவிடும். கார் இந்தக் கணக்கையே கேட்பதில்லை. டிக்கியில் தள்ளி மூடிவிடலாம். தலையணை, தள்ளுவண்டி, வெந்நீர்க் குடுவை, மடக்கு நாற்காலி எல்லாம் வரும்.

ஆனால் இதற்கு வழிகள் இருக்கின்றன. மூன்று நாளுக்கு உண்மையில் எவ்வளவு துணி வேண்டும் என்று கறாராக இருந்தால் முதுகில் மாட்டும் பை இரண்டு போதும். முடிந்தால் ரயில் கிளம்பும் ஸ்டேஷனில் ஏறி, கடைசியாக நிற்கும் ஸ்டேஷனில் இறங்கும்படி ஊரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ரயில் நிதானமாக நிற்கும், யாரும் அவசரப்பட வேண்டாம். இந்த ஒரே காரணத்துக்காக ஊரை மாற்றினாலும் தகும். ஜப்பானில் பெட்டிகளை முன்கூட்டியே விடுதிக்கு அனுப்பிவைக்கும் சேவை பரவலாக இருக்கிறது, பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். சுமை தூக்குபவர்கள் கிடைக்கும் ஸ்டேஷன் என்றால் பணத்தைப் பார்க்காதீர்கள்.

ரயில் மாறுவதை இந்தக் குடும்பத்தோடு நான் முடிந்தவரை தவிர்ப்பேன். ஒரு மாற்றம், அதுவும் முக்கால் மணி இடைவெளியோடு, லிஃப்ட் உள்ள ஸ்டேஷனில் என்றால் சரி. இரண்டு மாற்றம் என்றால் காரைத்தான் எடுப்பேன்.

சீட் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று ஒரே டிக்கெட்டாக எடுப்பது எல்லா இடத்திலும் நல்லதில்லை. இந்திய ரயில்வேயில் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அவர்கள் தனியாகவோ இருவராகவோ டிக்கெட் எடுக்கும்போதுதான் அதைப் பெற முடியும். ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த வாய்ப்பு போய்விடும். தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட், மற்றவர்களுக்கு அதே வகுப்பில் இன்னொன்று என்று எடுப்பது புத்திசாலித்தனம். வேறு நாடுகளில் சில ரயில்களில் முன்பதிவு கட்டாயம், சிலவற்றில் விருப்பம். விருப்பம்தானே என்று விட்டுவிட்டு விடுமுறைக் கூட்டத்தில் பாட்டியை நிற்க வைக்காதீர்கள்.

இரவு ரயில் என்ற ஆசை

தூங்கியபடியே போய்ச் சேரலாம், ஒரு பகல் மிச்சமாகும் என்று இரவு ரயிலைப் பலர் விரும்புகிறார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஆனால் இரவில் இரண்டு தடவை எழும் பெரியவர் ஆடும் நடைபாதையில் இருட்டில் நடக்க வேண்டும். அப்புறம், ரயில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ச் சேரும். அறை மதியம்தான் கிடைக்கும். குளிக்காமல், படுக்காமல், கைக்குழந்தையோடும் எழுபது வயதுக்காரரோடும் அந்த ஏழு மணி நேரத்தை எங்கே கழிப்பது? முந்தைய இரவிலிருந்தே அறைக்குப் பணம் கட்டத் தயார் என்றால் இரவு ரயில் நல்ல தேர்வு. இல்லையென்றால் மிச்சமான பகல் வெறும் கணக்கில்தான் இருக்கும். இரவில் கார் ஓட்டுவது பற்றி விவாதிக்கவே எனக்கு விருப்பமில்லை. வேண்டாம்.

போன இடத்தில் எப்படிச் சுற்றுவது

வண்டியை விட அதிகமாக விடுமுறையைக் கெடுப்பது, தினம் ஒரு ஊரில் தங்கும் திட்டம். மூன்று நாளில் மூன்று ஊர் என்றால் ஒவ்வொரு காலையும் ஆறு பேருடைய பெட்டிகளைக் கட்ட வேண்டும், மாத்திரை டப்பாவைத் தேட வேண்டும், குழந்தையின் தூக்க நேரத்தைக் கலைக்க வேண்டும். புது இடத்தில் இரவில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பெரியவர்கள் பழகுவதற்குள் அந்த அறையே மாறிவிடும். இருட்டில் தடுக்கி விழுவது அப்படித்தான் நேர்கிறது. இரண்டு இரவும் ஒரே இடத்தில் தங்கி, அங்கிருந்து அரை நாள் அரை நாளாகப் போய்வருவதே இந்தக் கூட்டத்துக்குப் பொருந்தும். வர விரும்பாதவர் அறையில் இருந்துகொள்ளலாம். அந்த உரிமை இருந்தாலே பெரியவர்கள் மனம் லேசாகிவிடும்.

இந்த அமைப்பில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: போகவும் வரவும் ரயில், அங்கே சுற்ற ஒரு வாடகைக் கார் என்று இரண்டையும் சேர்த்துக்கொள்ள முடிகிறது. நீண்ட தூரத்துக்கு நடமாட்டம், குட்டித் தூரத்துக்கு நிறுத்தம். நேரடி ரயில் இருக்கும் ஊர் என்றால் என் முதல் தேர்வு இதுதான். வட்டமாகச் சுற்றி வரும் பயணம் கார் கைவசம் இருப்பவர்களுக்கு ஆசையாகத் தெரியும். நான்கு நாளுக்குக் குறைவாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

சில தடங்களில் ரயிலே பார்க்க வேண்டிய காட்சி. அங்கேதான் கவனம் வேண்டும். டார்ஜிலிங் மலை ரயில் 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நியூ ஜல்பைகுரியிலிருந்து மேலே போக 88 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரத்துக்கும் மேல் எடுக்கும். கார் அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில் ஏறிவிடும். ஆனால் டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்பும் சுமார் இரண்டு மணி நேரச் சவாரி தனியாக இருக்கிறது. மலை ஏறக் கார், மறுநாள் காலை எல்லோருமாக அந்தச் சின்னச் சவாரி என்று வைத்தால் தாத்தாவும் பேரனும் ஒரே ஜன்னலில் இருப்பார்கள், யாருக்கும் முதுகு வலிக்காது. சுவிட்சர்லாந்தின் கிளேசியர் எக்ஸ்பிரஸும் அப்படித்தான். செர்மாட்டிலிருந்து சென்ட் மோரிட்ஸ் வரை முழுதாகப் போனால் சுமார் எட்டு மணி நேரம், 291 பாலங்கள், 91 சுரங்கங்கள். அதே தண்டவாளத்தில் ஓடும் உள்ளூர் ரயிலில் ஒரு பகுதியை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால், நான்காவது மணியில் அழத் தொடங்கும் குழந்தைக்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்காது.

உயரமான ஊர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் வரக்கூடும். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த உயரத்தில் இரவு தங்க வேண்டாம். எந்த வண்டியில் ஏறினாலும் இது மாறாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காரில் ஆள் கூடினாலும் செலவு ஏறாது, ரயிலில் தலைக்குத் தலை ஏறும். ஆனால் ஆறு பேருக்கு ஒரு சின்னக் கார் போதாமல் இரண்டு கார் எடுத்தாலோ, மூன்றாம் வரிசை உள்ள பெரிய வண்டி எடுத்தாலோ அந்த லாபம் கரைந்துவிடும். மூன்றாம் வரிசை பின்சக்கரத்துக்கு மேலேயே இருக்கும், குலுக்கல் அதிகம், வெளியே பார்க்கவும் இடம் குறைவு. "நான் ஒல்லிதானே, பின்னாடி உட்கார்ந்துக்கறேன்" என்று பாட்டி அங்கே போய்விடுவார். விடாதீர்கள்.

மாத்திரையும் இன்சுலினும் எந்த வண்டியிலும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பெரும்பாலான இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த 30 டிகிரி நிமிடங்களில் தாண்டிவிடும். பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 11 டிகிரி ஏறும். இதே காரணத்துக்காகத்தான் தூங்கும் குழந்தையையோ பெரியவரையோ "ஒரு நிமிஷம்" என்று காரில் விட்டுப் போகக் கூடாது. குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

தேவைகள் மோதினால்

எல்லாம் எழுதிப் பார்த்த பிறகும், தாத்தாவுக்கு நடமாட்டம் வேண்டும், ஒரு குழந்தைக்கு அடிக்கடி நிறுத்தம் வேண்டும், சாமானோ ஏராளம் என்று வந்து நிற்கலாம். அப்போது ஒரே வண்டியில்தான் போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடலாம். பெரியவர்களும் ஓட்டத் தெரியாத ஒருவரும் ரயிலில் போகட்டும். சாமான்களும் மற்றவர்களும் காரில் வரட்டும். கைக்கணக்கு தீர்ந்துவிடும், கால் மரப்பதும் தீர்ந்துவிடும், போன இடத்தில் சுற்றக் காரும் கையில் இருக்கும். கொஞ்சம் வளர்ந்த பேரனையோ பேத்தியையோ தாத்தா பாட்டியோடு ரயிலில் அனுப்புங்கள்; அந்த நான்கு மணி நேரம் பேச்சுத்துணைக்கு இருவருக்கும் குறைவிருக்காது. கார் மட்டும் நன்றாக முன்னதாகக் கிளம்பி, ரயிலுக்கு முன்பே ஸ்டேஷனை அடைந்துவிட வேண்டும். எந்தப் பெட்டி, என்ன சீட் எண் என்பதைக் காரில் வருபவர்களிடம் கொடுத்துவையுங்கள். ரயில் வந்து நிற்கும்போது சரியான பெட்டி வாசலில் இரண்டு கை தயாராக இருந்தால், பாட்டி பையைத் தூக்க வேண்டியிருக்காது.